நீ நிறுத்திய மாத்திரை

மக்களே,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நான் அந்தப் பேச்சை எடுத்தால் நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விடுகிறாய். கடையில் வைத்துக் கேட்கலாம் என்று வந்தால், ஆட்கள் நிற்கும்போது, "வீட்டு விஷயத்த வீட்ல பேசலாம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாய். வீட்டிலும் பேச்சு இல்லை, கடையிலும் பேச்சு இல்லை. கல்யாணப் பந்தலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. உன் மாமா தினமும் நாகர்கோவிலில் இருந்து கூப்பிட்டு, சமையல்காரரைப் பற்றியும் மண்டபத்துச் சாவியைப் பற்றியும் கேட்கிறான். எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் ஒரு கேள்விக்கு மட்டும் உன்னிடம் இருந்து பதில் வரவில்லை. இதைப் படிக்கும்போதாவது எழுந்து போகாதே. கடைசிவரை படி. உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதி எனக்கும் தமராவுக்கும் மட்டும் தெரியும்.

அப்பா போன பிறகு மாடியை வாடகைக்கு விடலாம் என்று சொன்னது நீதான். தரகர் தமராவைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்து என்னிடம் குரலைத் தாழ்த்தி, "சேச்சி, ஆப்பிரிக்காக்காரியாணு. குழப்பமில்லல்லோ?" என்றார். அவள் அதற்கு முன்பே வலியசாலையில் பல வீடுகளின் வாசலில் அப்படி நின்றுவிட்டு வந்திருந்தாள். நான் பதில் யோசிப்பதற்குள் நீ வெளியே போய், "வாங்க, உள்ள வந்து மாடியப் பாருங்க" என்று அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாய். அன்று உன்னைப் பார்த்து என் மனம் நிறைந்தது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன். நீ கெட்டவன் என்று சொல்ல நான் உட்காரவில்லை.

மலாவியில் இருந்து இங்கே பொருளாதாரம் படிக்க வந்த பெண். பால்காரர் அவளைத் தாமரை என்று கூப்பிடப்போய் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. கூப்பிட்டார்களே தவிர, பஸ்ஸில் எத்தனை கூட்டம் இருந்தாலும் தன் பக்கத்து சீட் மட்டும் காலியாகவே வரும் என்று அவள் என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்லுவாள். "வசதிதான் அம்மா, பையை வச்சுக்கலாம்" என்பாள். ஆங்கிலமும் மலையாளமும், என்னிடம் கற்றுக்கொண்ட தமிழும் கலந்த பேச்சு. மாலையில் சமையலறையில் வந்து உட்கார்ந்து தேங்காய் துருவித் தருவாள். அவளுடைய அக்காவைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். அக்காவுக்குப் புருஷனிடம் இருந்து எச்.ஐ.வி. வந்தது. மருந்து சாப்பிட்டு, பிள்ளை பெற்று, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து நன்றாக இருக்கிறாள். அந்த அக்காதான் தங்கையை ஊரில் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், நோய் வராமல் தடுக்கும் மாத்திரையைச் சாப்பிடப் பழக்கினாளாம். "அக்கா நோயோட வாழறதுக்குச் சாப்பிடறா. நான் அது வராம இருக்கறதுக்குச் சாப்பிடறேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சாப்பிட்டு, சாப்பிட்டாச்சுன்னு போன்ல சொல்லிக்குவோம்" என்றாள். தினமும் ஒன்று. விட்டுவிட்டால் காவல் போய்விடும். அவ்வளவுதான் அந்த மருந்தின் கதை.

கொண்டுவந்தது தீர்ந்தபோது அவள் நம் மருந்துக்கடைக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். நான் கல்லாவில் இருந்தேன். அவள் காலிக் குப்பியைக் கண்ணாடிமேல் வைத்தாள். நீ அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இது எய்ட்ஸ் மருந்தல்லே?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாய். இருமல் மருந்து வாங்க வந்த அம்மாள் உடனே விலகி நின்றாள். தமரா விளக்கம் சொன்னாள். அதற்குமுன் போன கடைகளில் எல்லாம் இல்லை என்றிருக்கிறார்கள். ஒரு டாக்டரிடம் சீட்டுக் கேட்கப் போனபோது, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டு, இல்லை என்றதும், அப்படியானால் ஒழுங்காக இருந்தால் போதாதா, மாத்திரை எதற்கு என்றிருக்கிறார். ஆப்பிரிக்கா என்றாலே அந்த நோய் என்று நினைக்கிறவர்கள், அது வராமல் இருக்க மருந்து கேட்டாலும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். குப்பியைத் திருப்பிக் காட்டி, "பாருங்க, இது இந்தியாவுல செஞ்சது. என் ஊர்ல இலவசமாத் தந்தாங்க. செஞ்ச நாட்டுல கேட்டா என்னைத் திட்டறாங்க" என்றாள்.

உன் அப்பா இருந்திருந்தால் அவரே எழுந்திருப்பார். யாராவது குரலைத் தாழ்த்தி எதையாவது கேட்டால் அவர் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே போய், அவர்கள் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு வருவார். நீயும் அன்று அதையே செய்தாய். கூசிப்போய் வெளியே வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டாய். உனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் சொல்லிச் சீட்டு எழுத வைத்தாய். ரத்தம் பரிசோதிக்கச் சொன்னார், பரிசோதித்தாள், ஒன்றும் இல்லை. மொத்த வியாபாரியிடம் சொல்லி மாத்திரையை வரவழைத்தாய். கூடப் படிக்கிறவர்கள் பார்த்தால் வம்பு என்று அவள் பயந்தபோது, வைட்டமின் குப்பி ஒன்றைத் துடைத்து அதில் போட்டு, பைக்குள் குலுங்கிச் சத்தம் கேட்காமல் இருக்க மேலே பஞ்சு அடைத்துக் கொடுத்தாய். அந்தப் பஞ்சை நீ பிய்த்துப் பிய்த்து அடைத்ததைக் கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு அவள்மேல் ஆசை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத் தெரு பேசியது, நான் பேசவில்லை. எதிர்வீட்டு மாமி, "அந்தக் கறுப்பி உன் மகனை வளைச்சுப்போட்டாச்சு, நீ சும்மா பாத்துண்டிருக்கே" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். நான் சும்மாதான் இருந்தேன். நீ சிரித்துப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் மாடியில் இருந்து இறங்கி வரும் சத்தம் கேட்டால் உன் முகம் மாறும். மருமகள் என்று ஒருத்தி வந்தால் இவளாக இருந்தால் என்ன, ஊர் என்ன சொன்னால் என்ன என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லி என்ன.

மாத்திரை ஏன் நின்றது என்று எனக்கு முதலில் தெரியாது. ஒருநாள் மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் இருவரும் மாடி அறையில். சண்டை மாதிரி இல்லை, நீ செல்லமாகத்தான் கேட்டாய்.

"நான் இருக்கும்போ இது எதுக்கு தமரா? என்மேல சந்தேகமா?"

"உன்மேல இல்ல. இது எனக்கு. உன்னைச் சந்திக்கறதுக்கு முன்னாலேயே சாப்பிடறேன்."

"அதுதான் கேக்கேன். முன்ன எதுக்குச் சாப்பிட்டே? இனி எதுக்கு? வேற யாராவது உண்டா?"

அதற்கு அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. அவள் அழுததுதான் கேட்டது. அந்த மாதம் மாத்திரை கேட்டபோது ஸ்டாக் இல்லை என்றாய். அடுத்த வாரம் கேட்டதற்கும் அதையே சொன்னாய். நான் ஒருநாள், "என்ன மக்களே, அந்தப் பெண்ணுக்கு மருந்து வரவழைச்சுக் குடேன்" என்றதற்கு நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அம்மாவுக்கு இதொண்ணும் மனசிலாவாது. நல்ல பெண்ணுங்க சாப்பிடற சாமான் இல்ல அது." கைக்குழந்தையாக உன்னைத் தூக்கிக்கொண்டு மழையில் குடைகூட இல்லாமல் சொட்டு மருந்துக்கு ஓடியிருக்கிறேன். உனக்கு இளம்பிள்ளை வாதம் வந்துவிட்டது என்றா ஓடினேன்? வரக்கூடாது என்றுதானே. அன்று யாரும் என் நடத்தையைக் கேட்கவில்லை.

நீ வெளியூர்களுக்குப் போவாய். கொள்முதல் என்று கோயம்புத்தூர், நண்பர்களோடு எர்ணாகுளம். எங்கே தங்கினாய், யாரோடு இருந்தாய் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரியாது என்பதற்காகத்தானே மக்களே அந்த மாத்திரை? எல்லாம் தெரிந்தவர்களுக்கு அது எதற்கு?

அவள் விடவில்லை. நீ ஸ்டாக் இல்லையென்ற பிறகு அவள் அலைந்தது உனக்குத் தெரியாது. நான் கூடப் போயிருக்கிறேன். பழைய சீட்டுக் காலாவதி ஆகிவிட்டது என்று ஆன்லைனில் போட்ட ஆர்டரை ரத்து செய்தார்கள். அந்த டாக்டரிடம் மறுபடி போகலாம் என்றேன். அவர் உன் நண்பர், நீ தடுத்துவிட்டது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று அவளுக்குக் கூச்சம். இலவசமாகத் தருகிற ஓர் இடம் இருக்கிறது என்று யாரோ சொல்லி, இருவரும் பஸ் ஏறிப் போனோம். அங்கிருந்த பெண் நல்லவள்தான், நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். "இது பாலியல் தொழில் செய்யற ஸ்த்ரீகளுக்கான திட்டம் அம்மா. அந்த லிஸ்டில பேர் வந்தாத்தான் தர முடியும். எழுதட்டே?" என்றாள். தமரா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வெளியே வந்து என்னிடம், "அவங்களோட என் பேரை எழுதறதுல எனக்கு வெட்கம் இல்ல அம்மா. அவங்களும் என்னை மாதிரி பயப்படற பொண்ணுங்கதான். ஆனா அந்தப் பேர் என் விசா ஆபீசுக்குப் போனா? காலேஜுக்குப் போனா? என்னைத் திருப்பி அனுப்பினா என் அம்மா செத்துப்போவா" என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டுக்காரர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு தேடுவதை விட்டுவிட்டாள். "உங்க மகனை நம்பறேன் அம்மா. வேற என்ன செய்ய?" என்றாள். நானும் அதற்குத் தலையை ஆட்டினேன்.

உன் மாமா சுபாவின் ஜாதகத்தோடு வந்தபோது நீ ஒரு வார்த்தை மறுத்துச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "பெண் படிச்சிருக்காளா?" என்று மட்டும் கேட்டாய். அன்று மாடியில் தமராவுக்குக் காய்ச்சல். கழுத்தில் நெறி கட்டி, தொண்டை விழுங்க முடியாமல் படுத்திருந்தாள். நான் கஞ்சி கொண்டு போனேன். சாதாரண வைரல் என்று நீ மாத்திரை கொடுத்தனுப்பினாய். காய்ச்சல் விட்டது. பிறகு அவளாகவே போய் ரத்தம் பரிசோதித்துக்கொண்டாள். நோய் இருக்கிறது என்று வந்த முடிவை முதலில் உன்னிடம்தான் சொன்னாள், நீயும் பரிசோதித்துக்கொள் என்று சொல்லத்தான் சொன்னாள். நீ அவளிடம் சொன்னதை எனக்கு அவள் சொல்லவில்லை. நீ மாடிப்படியில் நின்று கத்தினாய், நானே கேட்டேன். "உன் நாட்டிலேர்ந்து கொண்டுவந்ததை என் தலையில கட்டாதே."

மகனே, அவள் இங்கே படிக்க வரும்போது பரிசோதித்தார்கள், ஒன்றும் இல்லை. நீ மாத்திரை வரவழைத்துக் கொடுத்த காலத்தில் பரிசோதித்தாள், ஒன்றும் இல்லை. நீ ஒருமுறைகூடப் பரிசோதித்துக்கொண்டதில்லை. உங்கள் இருவரில் தன் ரத்தத்தைப் பற்றிப் பேச யாருக்கு உரிமை இருந்தது என்று நீயே சொல்.

படிப்பு முடிய ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி. இருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். இங்கே மருந்துக்குப் போய் நிற்கத் தனக்குத் தெம்பு இல்லை, ஊரில் அக்கா இருக்கிறாள் என்றாள். விமான நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன், நீ கடை திறக்கப் போயிருந்தாய். காரில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். சங்குமுகம் கடற்கரையைத் தாண்டும்போது, "அம்மா, ஒண்ணு கேட்கலாமா?" என்றாள்.

"கேளு மக்களே."

"அந்தப் பொண்ணு எங்க இருக்கா?"

"நாகர்கோவில்ல. கோட்டாறு."

"அவளுக்கு என்னைப் பத்திச் சொல்லுங்க. என் பேரையும் சொல்லலாம், எனக்குச் சம்மதம். எனக்குத் தெரிஞ்சிருந்தும் கையில மருந்து இல்லாமப் போச்சு. அவளுக்குத் தெரியவே தெரியாது."

உன்னைத் திட்டுவாள், சபிப்பாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போகிறவரை உன் பெயரைச் சொல்லவே இல்லை. இப்போது அக்காவும் தங்கையும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் மருந்து சாப்பிடுகிறார்களாம். போன் செய்தபோது சொன்னாள். "இப்போ நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி அம்மா" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

உன்னிடம் நான் கேட்பது என்ன? ரத்தம் கொடு, பார்த்துவிடு. இல்லை என்றால் நல்லது. இருக்கிறது என்றால் மருந்து இருக்கிறது, அதை நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? நீ மருந்துக்கடைக்காரன். தவறாமல் சாப்பிட்டு, நோய் முழுதும் அடங்கிவிட்டால் கட்டினவளுக்குப் பரவாது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். உண்மையைச் சொல்லி, அவள் சம்மதித்தால் கல்யாணம் செய்துகொள். சம்மதிக்காவிட்டால் நான் உன்னோடு இருக்கிறேன். அந்த நோய் வந்தவனுக்கு நான் அம்மாவாக இருப்பேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் நீ, "எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தானே இருக்கேன்? ஊர்ல தெரிஞ்சா கடையப் பூட்ட வேண்டியதுதான்" என்றாய். நல்லா இருப்பது கண்ணாடியில் தெரியும். மற்றது தெரியாது.

அதனால் நான் கோட்டாறுக்குப் போனேன். ஜாக்கெட் அளவு வாங்கப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போன அன்றுதான். சுபாவின் அப்பா நெஞ்சில் ஆபரேஷன் செய்த கட்டோடு முன்னறையில் படுத்திருந்தார். அளவு எடுக்கிறேன் என்று அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டேப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். அழவில்லை.

"அவிய டெஸ்ட் எடுப்பாவளா அத்தை?"

"மாட்டேங்குகான்."

"நான் கேட்டா?"

"நீ கேட்டா ஒருவேளை..." என்றேன். அப்படிச் சொன்ன என் வாயை என்ன செய்வது?

அவள் கேட்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் இருவருமே பரிசோதித்துக்கொள்வோமே என்று பக்குவமாகத்தான் கேட்டிருக்கிறாள். நீ அவளிடம், "உனக்கு இந்த மாதிரிக் காரியமெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது? முன்ன யார்கூடயாவது பழக்கம் உண்டா?" என்று கேட்டாயாம். அதே கேள்வி. ஊரும் நிறமும் மொழியும் வேறான இரண்டு பெண்களுக்கு நீ வைத்திருந்தது ஒரே கேள்விதான்.

கல்யாணத்தை நிறுத்து, உன் வீட்டில் நானே வந்து பேசுகிறேன் என்று சுபாவுக்குப் போன் செய்தேன். வேண்டாம் என்று அழுதாள். நின்றுபோன கல்யாணத்துக்குக் காரணம் பெண்ணிடம்தான் தேடுவார்கள், அப்பா தாங்கமாட்டார், பின்னால் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள். "நீங்க அப்பாட்ட சொன்னா நான் உயிரோட இருக்கமாட்டேன், சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். அப்புறம் மெல்லக் கேட்டாள்: "அத்தை, அந்தக்கா சாப்பிட்ட மாத்திரை... யாருக்கும் தெரியாம எனக்கு வாங்கித் தர முடியுமா?"

நேற்று மதியம் கிளம்பினேன். என்னைத் தெரியாத இடமாக இருக்கட்டும் என்று மெடிக்கல் காலேஜ் பக்கம் போனேன். சில கடைகளில் பெயரைக் கேட்டதுமே இல்லை என்றார்கள். ஒரு கடையில் கவுண்டரில் இருந்த பெண், "ஆர்க்கா அம்மே?" என்று கேட்டாள். மருமகளுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பிள்ளை இன்னும் நம் வீட்டில் காலெடுத்துக்கூட வைக்கவில்லை. "எனக்குத்தான்" என்றேன். அவள் என் நரைத்த தலையைப் பார்த்தாள், வெறும் நெற்றியைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவர் தன் சீட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். தமரா ஒவ்வொரு கடையிலும் எப்படி நின்றிருப்பாள் என்று அப்போதுதான் என் உடம்புக்குத் தெரிந்தது. உள்ளே இருந்து கடைக்காரர் வந்து சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க ஆரியசாலை மருந்துக்கடை மணியோட அம்மையல்லே? அந்த மருந்தை எனக்குத் தெரிஞ்சு இங்கே வரவழைச்சது மணி மட்டும்தான். மகன்கிட்ட சொன்னாப் போதாதோ?" என்றார்.

பஸ் ஏறினேன். கடைக்கு வந்தபோது நீ நல்ல கூட்டத்தில் இருந்தாய். எல்லாரும் உனக்குக் கல்யாண வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வெயில்ல எங்கம்மா போயிட்டு வாறே?" என்றாய். சும்மா இங்கேதான் என்று சொல்லிவிட்டேன்.

நீ நிறுத்திய அந்த மாத்திரையைச் சுபாவுக்குத் தேடிப் போயிருந்தேன்.

அம்மா